அறை எண் 108-ல் மணி அடித்தால்...

சுருளி அருவிக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் விடுதி ஒன்று. முதல் மாடியில் 101 முதல் 112 வரை அறைகள். இன்டர்காம் எண்ணும் அதுவே. நள்ளிரவில் 105-ல் ஒருவருக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி பதறிப்போய் அறை போனில் 108 போடுகிறார். மூன்று கதவு தள்ளித் தூங்குகிறவரின் அறையில் மணி அடிக்கிறது.

இது கற்பனைதான். ஆனால் 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்தது கற்பனை அல்ல. ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் கணவரால் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் அவசர எண்ணான 911-ஐ நான்கு முறை அழுத்தினாள். வெளி லைனுக்கு முன்னால் ஒரு 9 போட வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அவர் பெயரிலேயே வந்த சட்டம் 2020 பிப்ரவரியில் அங்கே நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் லாட்ஜ், திராட்சை குடோன், பள்ளி, மருத்துவமனை என எங்கே இன்டர்காம் இருந்தாலும், சட்டத்துக்குக் காத்திராமல் இதைச் சரிசெய்துகொள்ளலாம்.

முதல் வேலை, எக்ஸ்டென்ஷன் பட்டியலை எடுத்துப் பார்ப்பது. காவல் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. இவற்றோடு மோதும் எண் ஏதாவது இருக்கிறதா? 1081 போன்ற நான்கு இலக்க எண்ணும் தொல்லைதான். 108 போட்டதும் இன்டர்காம் பெட்டி அடுத்த இலக்கத்துக்காகக் காத்து நிற்கும். ஆகவே 1-ல் தொடங்கும் எக்ஸ்டென்ஷனே வேண்டாம். கதவில் 108 இருந்துவிட்டுப் போகட்டும், போன் எண் 2108 ஆகட்டும். அறைக்கு அறை பேச முன்னால் 2 போட வேண்டும் என்று போனிலேயே ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து அறை நண்பரைக் கூப்பிடுகிறவர் ஆம்புலன்ஸை எழுப்புவார்.

அடுத்து, இன்டர்காம் போட்ட டெக்னீஷியனை வரச் சொல்லுங்கள். அந்த நான்கு அவசர எண்களும், வெளி லைனுக்கான 0-வை முன்னால் போட்டாலும் போடாவிட்டாலும், நேரே வெளியே போக வேண்டும். வெளி அழைப்புக்கு லாக் போட்ட வாட்ச்மேன் போனிலிருந்தும் போக வேண்டும். பில்லுக்குப் பயந்து போட்ட லாக் உயிருக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அப்படி அழைப்பு போகும்போது, எந்த அறையிலிருந்து என்று ரிசப்ஷன் போனிலும் காட்டும்படி அமைக்கக் கேளுங்கள். கேட்டைத் திறக்கவும் ரோட்டுக்கு ஆள் அனுப்பவும் அது போதும்.

கிளை அலுவலகமாக இருந்து, அழைப்புகள் சென்னைத் தலைமை அலுவலக லைன் வழியாகப் போனால், எதிர்முனையில் தெரிவது சென்னை எண். அவசர அழைப்புக்கு மட்டுமாவது உள்ளூர் லைன் ஒன்று இருக்கட்டும். கரண்ட் போனால் பெட்டியோடு ஃபைபர் மோடமும் படுத்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து யு.பி.எஸ். தேவை. செல்போன் இருக்கிறதே என்பார்கள். மலையோரத்தில் அது கேரள டவரைப் பிடித்தால், அழைப்பு அந்த மாநிலத்துக்கே போய்விடவும் கூடும்.

பலரும் விட்டுவிடுவது பேச வேண்டியதை எழுதி வைப்பது. தமிழகத்தில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. அழைப்பை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை சென்னையில் இருக்கிறது. அங்கிருப்பவருக்கு நம் சந்து தெரியாது. ‘சுருளி’ என்று மட்டும் சொன்னால் அருவியா, ஊரா, ஆறா? அதனால் ஒவ்வொரு போனின் பக்கத்திலும் இப்படி ஒரு சீட்டு: ‘தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டம், கம்பம் பக்கத்தில் சுருளிப்பட்டி.’ அதன்கீழ் தெரு, அடையாளம், மாடி, அறை எண், திரும்பக் கூப்பிட ஒரு எண். திராட்சைக்கு மருந்தடிக்கும் தோட்டமானால், அன்று அடிக்கும் மருந்தின் பெயரையும் எழுதி வையுங்கள். மயங்கியவரைப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஆடி, தை அமாவாசைகளில் அருவிச் சாலை நெரியும். வண்டி எந்த வழியாக வரலாம் என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சோதனைக்காக 108-ஐச் சும்மா சும்மா கூப்பிடாதீர்கள். டெக்னீஷியனிடம் சொல்லி, அந்த எண்களைப் போட்டால் உங்கள் செல்லுக்கு வரும்படி தற்காலிகமாக மாற்றி, எல்லா போனிலிருந்தும் போட்டுப் பாருங்கள். பிறகு பழையபடி வைத்து ஒரே ஒரு அழைப்பு. எடுத்ததும் ‘சோதனை அழைப்பு, அவசரம் இல்லை’ என்று சொல்லி வையுங்கள். இடி விழுந்து கார்டு மாற்றினால், பெட்டி தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கலாம். டெக்னீஷியன் வண்டியைக் கிளப்பும் முன் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.