வேப்பங்கொட்டையும் வீட்டுச் சுகமும்

ஆனி, ஆடி மாதங்களில் நமது கிராமங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் காலடியில் வேப்பம்பழம் நசுங்கும். காக்கையும் மைனாவும் சதையைத் தின்று உதறிய கொட்டைகள் திண்ணையோரத்திலும் கோயிற் பிராகாரத்திலும் சிதறிக் கிடக்கும். விடியற்காலையில் பெண்டிர் அவற்றைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பைக்குழியிற் சேர்ப்பர். அதே வீட்டில் சில மாதங்கள் கழிந்தபின், விதைப்பயற்றில் வண்டு விழுந்ததென்றும், பிள்ளைகளுக்குச் சொறி கண்டதென்றும், கத்தரிச்செடிக்கு மருந்தடிக்கக் கையிற் காசில்லையென்றும் குறை கேட்கிறோம். கூட்டித் தள்ளிய கொட்டைக்கும் இக்குறைகளுக்கும் உள்ள சம்பந்தமே இப்பாடத்தின் விஷயம்.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவைப்பது உசிதம். வேம்பின் நன்மைகளிற் பெரும்பாலானவை உடம்புக்கு வெளியே உண்டாகின்றன. தானியத்திலும் வயலிலும் தோலின்மேலும் அது நமக்கு உதவுகிறது. அதன் எண்ணெயைச் சிசுவின் வாயிற் புகட்டும் வழக்கமோ உயிர்ச்சேதத்தை விளைவித்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் வேம்பை அறிந்தவராகார்.

முதலில் மரத்தை அடையாளங் காணவேண்டும். மலைவேம்பு என்ற பெயரால் வழங்கும் மரங்கள் வேறு. வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் அரம்போன்ற விளிம்புடைய சிற்றிலைகள் நேராக அமைந்திருக்கும். மலைவேம்பிலோ ஈர்க்கு மறுபடியும் கிளைத்து, அக்கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும். மலைவேம்பு என்று சொல்லப்படுவனவற்றுள் ஒருவகையின் பழம் மனிதருக்கும் பன்றி முதலிய பிராணிகளுக்கும் விஷமாகும். ஆதலால் கொட்டை பொறுக்கும் சிறுவர்க்கு இவ்வித்தியாசத்தைக் காட்டிக் கொடுப்பது அவசியம்.

நன்கு வளர்ந்த ஒரு வேப்பமரம் ஆண்டொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது கிலோ வரை பழம் கொடுக்கக்கூடும். ஆயினும் அப்பழத்தைக் கொட்டையாக்கி வைக்கும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. பழம் ஈரத்தோடு கோணியில் அடைபட்டால் இரண்டே நாளில் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். அப்பருப்பிலிருந்து பிழியும் எண்ணெய் கறுத்து நாறும். பூச்சியைத் தடுக்கும் சத்தும் குறைந்துபோம். சில பூசணங்கள் தம்மளவிலேயே விஷத்தையும் உண்டாக்கும். ஆகையால் மஞ்சளாகப் பழுத்து விழுந்தவற்றை அன்றாடம் பொறுக்கவேண்டும். மழையில் நனைந்து பல நாள் மண்ணிற் கிடந்ததை விட்டுவிடலாம். பொறுக்கிய பழத்தைத் தண்ணீரிலிட்டுக் கையாற் பிசைந்து, தோலும் சதையும் நீங்கக் கழுவி, ஒருநாள் வெயிலிலும் பின்னர்ப் பல நாள் காற்றோட்டமான நிழலிலும் மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்துக. தினம் இருமுறை கிளறிவிடுக. உலர்ந்ததைச் சாக்கிலோ மூங்கிற்கூடையிலோ வைக்கலாமேயன்றி, பிளாஸ்டிக் பையிற் கட்டலாகாது. பரிசோதனை எளிது: பத்துக் கொட்டைகளை எடுத்து உடைத்துப் பாருங்கள். பருப்பு பசுமை கலந்த நிறமாயிருந்தால் நல்லது. பழுப்பேறிக் கறுத்தோ, வெள்ளைப் பூசணம் படர்ந்தோ இருந்தால் அச்சாக்கு எருக்குழிக்கே உரியது.

இனிக் களஞ்சியம். குதிரிலும் பானையிலும் உலர்ந்த வேப்பிலையைத் தானியத்துக்கு இடையிடையே போடுவது நம் முன்னோர் வழக்கம். அது வீண் அன்று. ஆயினும் இலையைவிடக் கொட்டைப்பருப்பின் பொடிக்கு வலிமை அதிகம். நூறு பங்கு கோதுமைக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு வேப்பம்பருப்புப் பொடியைக் கலந்து வைத்தால் பல மாதங்கள் வரை வண்டு அண்டுவதில்லை என்று டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 1965-ஆம் ஆண்டிலேயே சோதித்து வெளியிட்டனர். இம்முறை விதைக்கென்று ஒதுக்கிய தானியத்துக்கே ஏற்றது. உண்ணும் தானியத்தில் பொடியைக் கலந்தால் கசப்பு நீங்குவது கடினம், உட்கொள்வதும் தகாது. உணவுக்குரியதற்கு நன்கு உலர்ந்த இலையே போதும். அதற்கும் முன்னே தானியம் காய்ந்திருக்கவேண்டும். பல்லாற் கடித்தால் ‘கடக்’கென்று உடையாத நெல்லில் எந்த இலையை இட்டும் பயனில்லை. ஈரமான இலையைப் போட்டு, அதனாலேயே தானியத்தைப் பூசணம் பிடிக்கச் செய்வாரும் உளர்.

கொட்டையின் உபயோகம் வீட்டுத் தோட்டத்துக்கும் உண்டு. ஐந்து கிலோ உலர்ந்த பருப்பை இடித்துப் பொடியாக்கி, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் மரத்துடுப்பினால் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, நூறு லிட்டராகும்படி தண்ணீர் சேர்த்து, இருநூறு கிராம் சோப்பைக் கரைத்துவிட்டுத் தெளிக்கவேண்டும். சோப்பில்லையேல் கரைசல் இலையில் ஒட்டாது வழிந்துவிடும். மாலை நாலு மணிக்குமேல் தெளிப்பது நன்று. ஏனெனில் வெயிலில் அதன் சத்து விரைவில் அழியும். கொட்டை சேகரித்து மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்துக்கு மேற்படாமலும் இருந்தால் சத்து மிகுதி என்று விவசாயத் துறையார் சொல்லுகின்றனர். கரைத்ததை அன்றன்றே உபயோகித்துவிட வேண்டும். மீதத்தையும் பாத்திரம் கழுவிய நீரையும் குளத்தில் விடலாகாது. மீன்களுக்கு அது கேடு.

இக்கரைசலைத் தெளித்த மறுநாள் புழு செத்துக் கிடக்கவில்லையென்று அநேகர் ஏமாற்றமடைந்து கைவிடுகின்றனர். வேம்பு புழுவை உடனே கொல்வதன்று. கசந்த இலையைப் புழு தின்னாது விலகும். தின்ற புழு தோலுரிக்க மாட்டாமல் நாளடைவில் மடியும். 1962-ஆம் ஆண்டு வடநாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, டில்லியில் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை அவை தின்னாது விட்டது ஆராய்ச்சியாளருக்குப் பிரத்தியக்ஷமாயிற்று. இக்குணத்துக்குக் காரணமான அசாடிராக்டின் என்னும் பொருளை 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தனர். அதற்கு முன்னரே 1942-இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் நமது தேசத்து ரசாயன சாஸ்திரியார் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்துக் காட்டியிருந்தார். பின்னர் வேப்பெண்ணெயால் பூசணத்தை அடக்கும் முறைக்கு 1994-இல் அமெரிக்கக் கம்பெனியொன்றும் அந்நாட்டு விவசாய இலாகாவும் சேர்ந்து ஐரோப்பாவில் தனியுரிமை பெற்றன. அம்முறை இந்தியாவில் முன்னரே வழங்கியதென்ற வாதத்தின்மேல் 2000-ஆம் ஆண்டில் அவ்வுரிமை ரத்தாயிற்று. மேல் முறையீடும் 2005-இல் தள்ளுபடியாயிற்று. நமது திண்ணையோரத்துக் கொட்டைக்காக அத்தனை வழக்கு நடந்திருக்க, நாமோ அதைக் கூட்டித் தள்ளுகிறோம்.

எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கு நல்ல எரு என்பது யாவரும் அறிந்ததே. வேரைத் தாக்கும் நுண்புழுக்களையும் அது குறைக்கும். இனி எண்ணெயினால் சோப்புச் செய்வதைக் கவனிப்போம். கல்கத்தாவில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வேப்பெண்ணெய்ச் சோப்பு ஒன்று தொழிற்சாலையில் செய்யப்பட்டுத் தேசமெங்கும் பரவியது. அதனைக் கிராமத்தில் சிறிய அளவிற் செய்வதும் இயலும். வேப்பெண்ணெய் அரைக் கிலோ, தேங்காயெண்ணெய் அரைக் கிலோ, காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 350 கிராம். இவற்றைப் படியால் அளவாமல் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். சோடாவைத் தண்ணீரிற் சிறிது சிறிதாகப் போடவேண்டும். தண்ணீரைச் சோடாவின்மேல் ஒருபோதும் ஊற்றலாகாது, கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்துவிடுமாதலால் எவர்சில்வர்ப் பாத்திரமே கொள்க. கரைசல் ஆறி இளஞ்சூடானபின் எண்ணெயில் மெல்ல ஊற்றி, துடுப்பின் தடம் மேலே நிற்கும்வரை ஒரேமாதிரி கிளறி, அச்சில் வார்த்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ துண்டுபோட்டு, நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் ஆறவிடவேண்டும். அவசரப்பட்டு முன்னரே உபயோகித்தால் தோல் எரியும். காஸ்டிக் சோடா கண்ணைக் குருடாக்கவல்லது. ஆதலால் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இவ்வேலை வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் வேண்டும். உடம்பிற் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரில் வெகுநேரம் கழுவுக.

சொறி சிரங்குக்கு வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசும் பாட்டிவைத்தியத்தை மருத்துவர் இருவர் 814 பேரிடம் சோதித்து, மூன்று முதல் பதினைந்து நாட்களுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் குணமடைந்ததாக 1992-இல் எழுதினர். மருந்து பூசாத மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிடாத சோதனையாதலால் இதை முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டுவதில்லை. எனினும் செலவில்லாத முறை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சொறி உண்டாக்கும் பூச்சி ஒருவரிடமிருந்து மற்றவரிடம் தாவுவது. குடும்பத்தார் அனைவரும் ஒரேநாளிற் பூசி, துணிமணியையும் பாயையும் வெந்நீரிற் போட்டு வெயிலில் உலர்த்தாவிட்டால், தீர்ந்த சொறி அடுத்த வாரம் திரும்பிவிடும். புண் சீழ்பிடித்தாலும் காய்ச்சல் கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே செல்லவேண்டும்.

கொசுவுக்கு, தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்து கைகால்களில் தடவினால் மலேரியாக் கொசு கடிப்பதில்லையென்று 1993-இல் டில்லி மலேரியா ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆயின் எல்லா இனக் கொசுவுக்கும் இது ஒரேமாதிரி பலன் தருவதில்லை. பகலிற் கடித்து டெங்கு பரப்பும் கொசுவை எண்ணியாவது கொசுவலையையும் தொட்டித் தண்ணீரை மூடிவைப்பதையும் விடலாகாது.

அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலைக் கொத்து செருகுவதை எள்ளி நகையாடுவாரும் உண்டு. அது சரியன்று. அக்கொத்தைக் கண்டவர் உள்ளே நுழையார். நோய் பிற வீட்டுக்குப் பரவாமல் தடுக்க அது நல்ல அறிகுறி. நோயை நீக்குவது இலையென்று மட்டும் எண்ணவேண்டாம். பெரியம்மை 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது அம்மைகுத்தியதனாலேயன்றி வேப்பிலையினாலன்று. தட்டம்மைக்கும் தடுப்பூசியே காப்பு.

இனி ஆரம்பத்திற் சொன்ன அபாயத்துக்கு வருவோம். சளி பிடித்தாலும், மலங்கட்டினாலும், வயிறு உப்பினாலும், சங்கில் சிறிது வேப்பெண்ணெயை ஊற்றிச் சிசுவுக்குப் புகட்டுவது நமது வீடுகளில் நெடுநாளைய வழக்கம். கொடுப்பவர் குழந்தையிடம் அளவற்ற பிரியமுள்ள பாட்டியாகவே இருப்பார். அவர்மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குத் தெரியவேண்டுமென்றே எழுதுகிறோம். 1981-இல் மலேசிய மருத்துவர்கள், வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகள் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு வந்த விவரத்தை லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் சென்னை மருத்துவர்களும் இவ்விஷத்தைப்பற்றி எழுதினர். எண்ணெய் உட்சென்ற சில நாழிகைக்குள் குழந்தை வாந்தியெடுக்கும், சோர்ந்து தூங்கிவழியும், மூச்சு வேகமாகும், பின்னர் வலிப்புக் காணும், சில குழந்தைகள் பிழைப்பதில்லை. கேடு வருவதற்குப் பெரிய அளவு வேண்டுவதில்லை. ஒரு சிறு கரண்டி எண்ணெயே பச்சிளங்குழந்தைக்கு மிகுதி. முந்திய பிள்ளைக்குக் கொடுத்து ஒன்றும் நேரவில்லையே என்பது சமாதானமாகாது. எண்ணெய்க்கு எண்ணெய் சத்து வேறுபடும். பூசணம் பிடித்த கொட்டையிற் பிழிந்ததென்றால் சொல்லவேண்டுவதில்லை.

தவறிக் கொடுத்துவிட்டாலோ, குழந்தை தானே எடுத்துக் குடித்துவிட்டாலோ, விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலில் இறங்கும். வலிப்பு வருமாவென்று பார்த்துக்கொண்டும் இராதீர்கள். 108 எண்ணுக்குச் சொல்லி, எண்ணெய்ப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மருத்துவரிடம் எவ்வளவு, எப்பொழுது கொடுத்தோமென்பதை வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. சிகிச்சை அதைப் பொறுத்தது. கர்ப்பிணிகளும் வேப்பெண்ணெயையோ வேப்பங்கொழுந்துக் கஷாயத்தையோ உட்கொள்ளாதிருத்தல் வேண்டும். கருவைக் கலைக்கும் குணம் அதற்குண்டென்பது பிராணிகளிடம் செய்த சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தார் இதிற் செய்யக்கூடியது யாது? தனி மனிதர் பொறுக்கும் நாலு கிலோ கொட்டையைச் செக்குக்குக் கொண்டுபோக முடியாது. வியாபாரி ஈரக்கொட்டையென்று விலையைக் குறைப்பான், அல்லது ஈரத்தோடு வாங்கிக் கெட்டதையும் நல்லதையும் கலப்பான். சங்கமே ஆனி பிறந்ததும் ஓர் உலர்த்துக்களம் ஒதுக்கி, உலர்ந்த கொட்டைக்குக் கிலோவுக்கு இவ்வளவென்று முன்னரே விலை அறிவித்து, பத்துக் கொட்டை உடைத்துப் பார்த்து வாங்கினால், பொறுக்கும் விதவைகளுக்கும் முதியோருக்கும் அன்றன்றே கூலி கிடைக்கும். விலை உலர்ந்த கொட்டைக்கேயாதலால் உலர்த்தும் சிரத்தையும் தானே வரும். ஒவ்வொரு சாக்கின்மேலும் பொறுக்கிய மாதத்தை மையால் எழுதுவது இன்றியமையாதது. மூன்று மாதம், எட்டு மாதம் என்ற கணக்கு அப்பொழுதுதான் நிற்கும். அங்கத்தினருக்கு எண்ணெய் விற்கும்போது புட்டியின்மேல் “வெளி உபயோகத்துக்கு மட்டும், குழந்தைக்குப் புகட்டாதீர்” என்று பெரிய எழுத்தில் ஒட்டவேண்டும். படிக்கத் தெரியாத வீடுகளுக்காகச் சங்கொன்றை வரைந்து, அதன்மேல் சிவப்பு மையாற் குறுக்குக்கோடு இடலாம். அப்புட்டியை விளக்கெண்ணெய்ப் புட்டியோடு ஒரே மாடத்தில் வைக்காமல், வேறு நிறமுள்ள புட்டியில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடும்படி, கொடுக்கும்போதே காரியதரிசி வாய்மொழியாகவும் சொல்லியனுப்புவாராக.