எந்திர அறிவும் ஊர் அறிவும்

ஏற்றம் இறைத்த கிணறுகளில் மின்சார மோட்டார் வந்தது. தபால்காரரை எதிர்பார்த்திருந்த திண்ணைகளில் கைப்பேசி வந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் புதியதொரு கருவி நம் ஊர்களில் நுழைந்திருக்கிறது. அதன் இயல்பை உணர்ந்து பயன்கொள்ளும் வழியை ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் அறிந்திருத்தல் நலம்.

இக்கருவியில் மாயம் ஏதுமில்லை. எண்ணற்ற நூல்களையும் படங்களையும் பேச்சுகளையும் கணிப்பொறியில் செலுத்தி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கினைக் கண்டறியச் செய்கின்றனர். பின்னர் நாம் ஒன்றை வினவினால், தான் கற்ற ஒழுங்கினின்றும் பொருத்தமாகத் தோன்றும் விடையை அது அமைத்துத் தருகிறது. ஆகவே, பதிவாகியுள்ளதையே அது அறியும், பதிவாகாததை அறியாது. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

துறைமுகம் தரும் பாடம்

எமது வட்டாரத்திற்குத் தெற்கே அமைந்துள்ள எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகள் எந்திரங்களை நெடுநாள் கண்டவை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் ஏற்பட்டது. இருபதடிப் பெட்டகம் ஒன்று ஏறத்தாழ 20 டன் சரக்கைக் கொள்ளும். அஃதாவது, 50 கிலோ மூட்டைகள் 400. தொழிலாளர் குழுவினர் தோளில் சுமந்து ஏற்றிய அத்தனை மூட்டைகளையும் பாரந்தூக்கி ஒரே முறையில் தூக்கி வைக்கிறது.

இதனால் வாணிகம் பெருகிற்று. முதுகொடியும் உழைப்பும் குறைந்தது. ஆயினும், எந்திரத்தை இயக்கக் கற்றோர் நிலைபெற, தோள்வலிமையையே நம்பியிருந்தோர் வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது. மாறுதல் வருமுன் கற்பவர்க்கே மாறுதலால் நன்மை என்பது துறைமுகம் தரும் முதற்பாடம்.

கடலில்

காசிமேட்டு மீனவர் இன்று திசைகாட்டும் கருவியும் ஆழமறியும் கருவியும் கொண்டு கடலுக்குச் செல்கின்றனர். 1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் வழியே ஆராய்ந்து, மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. வீண் அலைச்சலும் டீசல் செலவும் இதனாற் குறைகின்றன.

எனினும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் செய்தி இருந்தது. அதைக் கொண்டுசெல்லும் வழி இல்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் ‘ஜெமினி’ கருவி அதன்பின் 2019இல் வந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. படகையும் வலையையும் கரும்படலம் மூடியதைக் கண்டுரைப்பதில் மீனவர் முன்னின்றனர். அதனை வாளியால் அள்ளும் பணியிலும் அவர்களே இறங்கினர். கருவிகள் எத்துணை பெருகினும், அவ்விடத்தில் வாழ்வோரின் கண்ணும் சொல்லும் வேண்டியனவே.

வயலில்

சென்ற பருவத்தில் எமது வட்டாரத்து உழவர் ஒருவர், நெற்பயிரின் இலைநுனி கருகியதைப் படமெடுத்துக் கைப்பேசியிலுள்ள நுண்ணறிவுக் கருவியிடம் காட்டினார். அது பூஞ்சாண நோய் எனக் கூறி, மருந்தும் அளவும் சொல்லிற்று. மருந்து வாங்கப் புறப்பட்டவரை அண்டை வயல் மூதாட்டி நிறுத்தி, “கிணற்றுத் தண்ணியை வாயில் வைத்துப் பார்த்தாயா, தம்பி?” என்று கேட்டார். தண்ணீர் கரித்தது. பரிசோதனையும் அதையே உறுதிப்படுத்தியது.

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததனால் கடல்நீர் உட்புகுந்தமை பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ஆனால் படத்தில் கிணறு இல்லை; உழவரும் சொல்லவில்லை; கருவியும் கேட்கவில்லை. விடை தெளிவாக இருந்தமையால் அது சரியாகத் தோன்றிற்று. மூதாட்டி குறுக்கிட்டிராவிடில் மருந்துச் செலவும் வீண், பயிரும் பாழ்.

கிராம சபையில்

கிராம சபை நடவடிக்கைகளின் ஒலி, ஒளிப் பதிவுகளிலிருந்து கூட்டக் குறிப்பினை எழுதித் தரும் ‘சபாசார்’ என்னும் கருவியை நடுவண் அரசின் ஊராட்சி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. எழுத்துவேலை குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூட்டத்தின் கடைசியில் நின்று மெல்லிய குரலில் பேசும் பெண்ணின் கோரிக்கை ஒலிவாங்கிக்கு எட்டுமா? இருவர் ஒருங்கே பேசினால் யார் சொல் பதிவாகும்? விடுபட்டது குடிநீர்க் குழாயாயின், ஒரு தெரு முழுவதும் ஓராண்டு காத்திருக்க நேரும். குறிப்பினை எந்திரம் எழுதினும், கையொப்பமிடுவோர் நாமே, பொறுப்பும் நம்முடையதே.

நாம் செய்யத்தக்கவை

1. கருவியிடம் வினவும்போது மண், நீர், பயிர் இரகம், வயது அனைத்தையும் சொல்லுதல் வேண்டும்.

2. மருந்து, கடன், நிலம் பற்றிய விடைகளை வேளாண்மை அலுவலரிடமோ உரிய அலுவலகத்திலோ உறுதிசெய்த பின்னரே செயற்படுதல் வேண்டும்.

3. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், இரகசிய எண் ஆகியவற்றை எந்தக் கருவியிடமும் உரையாடலில் கூறலாகாது.

4. எந்திரம் எழுதிய கூட்டக் குறிப்பைச் சபையில் உரக்கப் படித்து, திருத்திய பின்னரே ஏற்றல் வேண்டும்.

5. ஒவ்வோர் ஊராட்சியும் ‘ஊர் அறிவேடு’ ஒன்று தொடங்குதல் நன்று. எக்கிணறு எவ்வாண்டு உவர்த்தது, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது, எந்நிலத்திற்கு எவ்விதை ஏற்றது என்பவற்றை முதியோர் சொல்ல, பள்ளிச் சிறார் எழுதி, நூலகத்தில் வைக்கலாம்.

முன்பு மாலை வேளைகளில் இளைஞர் முதியோரைச் சூழ்ந்தமர்ந்து இவற்றைக் கேட்டறிந்தனர். இன்று அவர்கள் கைப்பேசியைக் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை, ஆனால் மூதாட்டியின் அறிவு அவரோடே மறையுமாயின், அதனை எக்கருவியும் மீட்டுத் தராது. ஊர் அறிவைப் பதிந்து காத்து, அதனைக் கொண்டு எந்திர அறிவைச் சோதித்துக் கொள்வோமாக. அடுத்த கிராம சபையிலேயே முதல் ஏட்டின் முதல் பக்கம் எழுதப்படுமாயின், அதுவே நற்றொடக்கமாகும்.