லைசன்ஸ் எடுக்க எத்தனை நாள், எவ்வளவு செலவு?

லொறி ஓட்டப் பழகணும் என்று நம் பிள்ளைகள் பலர் வந்து கேட்கிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் ஒரு மாதத்தில் லைசன்ஸ் கைக்கு வந்துவிடும் என்று நினைத்து நகையை அடகு வைக்காதீர்கள்.

முதலில் மெடிக்கல் சான்றிதழ் எடுக்கணும். பிறகு எழுத்துப் பரீட்சை, தமிழிலேயே எழுதலாம். அதில் பாஸானால் பழகுவதற்கான பெர்மிட் கிடைக்கும். மூன்று மாதம் கழித்துத்தான் ட்ரயல். கார், வேன் லைசன்ஸுக்கு 18 வயது, லொறி, பஸ்ஸுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் சின்ன வாகனம்தான்.

செலவு என்றால் கட்டணம் மட்டுமில்லை. டவுனுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது, பஸ் காசு வேறு. பழக்குகிற இடத்தில் பணம் கட்டுமுன் எத்தனை பாடம், ட்ரயலுக்கு வாகனம் சேர்த்தா, ஃபெயிலானால் மறுபடி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நம்ம டிவிசன் தம்பி ஒருவர் கேட்காமல் விட்டு, இரண்டாம் ட்ரயலுக்கு வாகன வாடகை தனியாகக் கட்டினார். அம்மாவின் சீட்டுக் காசு அது.

அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் வேறு பெயர் என்றால் இப்போதே இரண்டையும் எங்களிடம் கொண்டு வாருங்கள். திருத்த விண்ணப்பத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.