ரெஸ்யூமேவுக்கும் டிவிக்கும் ஒரே சர்வர்

கிளவுட், டெவ்ஆப்ஸ், சிஸ்டம் அட்மின் வேலைக்கு வரும் ஃப்ரெஷர் எல்லாரும் கோர்ஸ் சர்டிஃபிகேட்டோடுதான் வருகிறார்கள். "நீங்களே ஒரு சர்வரை ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டால்தான் கூட்டம் குறையும். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல, வீட்டில் ஒரு மீடியா சர்வர் போதும். அதற்கான ஜெல்லிஃபின் சாஃப்ட்வேர் இலவசம். லினக்ஸ், டாக்கர், பேக்கப் எல்லாம் கைக்குப் பழகிவிடும். மெஷின் செகண்ட் ஹேண்டே போதும். எதை வாங்குவது என்பதில்தான் சூட்சுமம்.

1. முதலில் பிராசஸரின் தலைமுறை. டிவியோ போனோ ஓட்ட முடியாத ஃபைலை உடனுக்குடன் மாற்றிக் கொடுப்பதுதான் டிரான்ஸ்கோடிங். மீடியா சர்வரில் கனமான வேலை அதுதான். இன்டெல் சிப்பில் இருக்கும் குயிக் சிங்க் அதைப் பார்த்துக்கொள்ளும், தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஆனால் 10-பிட் எச்.265 வீடியோவை ஹார்டுவேரிலேயே முழுதாகக் கையாள்வது 7-ஆம் தலைமுறையிலிருந்துதான். அதற்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மாடல் எண் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. "ஐ5 சார், நல்ல ஸ்பீடு" என்று கடைக்காரர் சொன்னாலும் தள்ளிவையுங்கள்.

பேரத்துக்கு ஒரு பிடி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். அதனால் 7-ஆம் தலைமுறை ஆபீஸ் மெஷின்களை மற்றவர்கள் தவிர்ப்பார்கள். நீங்கள் லினக்ஸ் போடப்போகிறீர்கள், தைரியமாக விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

2. கரன்ட் பில்லைக் கணக்குப் போடுங்கள். சர்வர் இரவு பகலாக ஓடும். சராசரியாக 10 வாட் எடுக்கும் மினி பிசிக்கு இரண்டு மாதத்தில் 15 யூனிட்கூட ஆகாது. 100 வாட் இழுக்கும் பழைய ரேக் சர்வருக்கு 144 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். அதன் ஃபேன் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்கவும் முடியாது. ஐ5-8500டி போல டி என்று முடியும் மாடல்கள் 35 வாட் வகை; அவற்றைத் தேடுங்கள்.

3. ஹார்டு டிஸ்குக்கு இடம் இருக்கிறதா? டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற குட்டிப் பெட்டிகளில் 3.5 இன்ச் டிஸ்க் நுழையாது. பெரிய டிஸ்க் போடுவதானால் அதே வரிசையின் ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் மாடலை எடுங்கள். ராம் 8 ஜிபி போதும்.

4. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போனால் லினக்ஸ் லைவ் பென்டிரைவோடு போங்கள். பயாஸுக்குள் நுழையுங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். டெல் என்றால் ஒரிஜினல் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள், அடையாளம் தெரியாத அடாப்டரில் பிராசஸர் வேகம் குறைந்துவிடும். கூடவே வரும் டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை எடுத்து, ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் இரண்டும் பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யமாகவே இருந்தாலும் குடும்ப வீடியோக்களைப் பழைய டிஸ்கை மட்டும் நம்பி வைக்காதீர்கள். பெட்டி பழையதாக இருக்கலாம், டிஸ்க் புதிதாக இருக்கட்டும்.

5. வாங்கிய நாளிலிருந்தே குறிப்பு எழுதுங்கள். ஏன் இந்தத் தலைமுறை, எத்தனை வாட், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எல்லாவற்றையும் கிட்ஹப்பில் டாக்கர் கம்போஸ் ஃபைலோடு போடுங்கள். ரெஸ்யூமேவில் "லினக்ஸ் தெரியும்" என்ற வரியை எடுத்துவிட்டு அந்த லிங்கைக் கொடுங்கள். இன்டர்வியூவில் டெமோ கேட்டால் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் வழியாகத் திறந்து காட்டுங்கள். ரூட்டரில் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் செக்யூரிட்டி தெரிந்தவர் அங்கேயே மார்க்கைக் குறைப்பார். திரையில் நீங்கள் எடுத்த வீடியோக்கள் மட்டும் இருக்கட்டும். திருட்டுப் பிரிண்ட் போஸ்டர்கள் வரிசையாகத் தெரிந்தால், ஆஃபர் லெட்டர் அடுத்தவருக்குப் போய்விடும்.