ராகிக் களிக்கு மாறியும் எடை ஏன் நின்றுவிட்டது?

கேள்வி: எனக்கு வயது 41. ஓசூர் சிப்காட்டில் மூன்று ஷிப்ட் வேலை. ஆறு மாதத்தில் 86 கிலோவிலிருந்து 78 கிலோவுக்கு வந்தேன். இரவுச் சோற்றை விட்டு ராகிக் களிக்கு மாறினேன். ராமநாயக்கன் ஏரிப் பக்கம் தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். ஆனால் இரண்டு மாதமாக எடை 78ஐ விட்டு இறங்க மறுக்கிறது. “உடம்பு பழகிப்போச்சு, இனிமே பட்டினி கிடந்தாலும் குறையாது” என்கிறார் கூட வேலை செய்பவர். அது உண்மையா? நான் என்ன செய்வது?
வாசகர், மத்திகிரி

பதில்: எடை, தூரம், மாதம் என்று எல்லாவற்றையும் எண்ணோடு எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவருக்குப் பதில் சொல்வது எளிது. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது: கடிதத்தில் களி இருக்கிறது, டீக்கடை இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நண்பரின் தீர்ப்பு. பட்டினி கிடந்தாலும் எடை குறையாது என்பதை மனிதர்கள் மேலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்துடன், 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அவர்களுடைய வளர்சிதை மாற்றம், அதாவது சும்மா படுத்திருக்கும்போதே உயிரைத் தாங்க உடல் செய்யும் செலவு, ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. அப்படியும் எடை இறங்கிக்கொண்டே போனது. உடம்பில் கால் பங்கு கரைந்து, எலும்பு தெரிந்த பிறகுதான் நின்றது. ஆகவே உடல் செலவைச் சுருக்கும் என்பது மெய். கொழுப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு கிராம்கூடத் தராது என்பது பொய். 78 கிலோவில் இருக்கும் நீங்கள் அந்த எல்லையின் பக்கத்தில்கூட இல்லை.

பிறகு ஏன் நின்றது? மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, நீங்கள் இலேசாகிவிட்டீர்கள். பாரம் இறக்கிய லாரி அதே கிருஷ்ணகிரி ரோட்டில் குறைந்த டீசலில் ஓடுகிறதல்லவா, அதுபோலத்தான். ஒரு கிலோ குறைந்தால் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. எட்டுக் கிலோவுக்கு ஏறக்குறைய 200 கலோரி. ஆறு மாதத்துக்கு முன் உங்களை இளைக்க வைத்த கலோரிப் பற்றாக்குறையில் ஒரு பகுதி இதிலேயே காணாமல் போய்விட்டது.

இரண்டாவது காரணம்தான் பெரியது: பசி. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற இயக்குநீரைச் சுரக்கின்றன. ‘கையிருப்பு இவ்வளவு’ என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பு அது. 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது, மூளை பசியைத் தூண்டுகிறது. எவ்வளவு தூண்டுகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி கெவின் ஹாலின் குழு 2016இல் ஒரு சாமர்த்தியமான வழியில் கணக்கிட்டது. சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் ஒரு நீரிழிவு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தங்கள் உடலிலிருந்து தினமும் கலோரி கசிவது தெரியாது. சில கிலோ குறைந்தார்கள், பிறகு உங்களைப் போலவே நின்றுபோனார்கள். மாத்திரை வேலை செய்வதை நிறுத்தவில்லை, கசிவும் நிற்கவில்லை. டயட் என்ற பேச்சே இல்லாதவர்கள், தங்களுக்கே தெரியாமல் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி ஏறியிருந்தது. செலவு குறைவதைப்போல மூன்று, நான்கு மடங்கு இது. நண்பர் சொன்னதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. உடம்பு சும்மா இல்லை. ஆனால் அது எதிர்த்து நிற்பது பெரும்பாலும் நாக்கின் வழியாக.

மூன்றாவது, நம் கணக்கு. “1,200 கலோரிக்கு மேல் தொடுவதே இல்லை, ஆனாலும் குறையவில்லை” என்றவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் 47 சதவீதம் அவர்கள் கணக்கில் வரவில்லை. அவர்கள் பொய்யர்கள் இல்லை. நின்றுகொண்டு சாப்பிட்டதை யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது டீக்கடைக்கு வரலாம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கலோரி. இரவு ஷிப்டில் நாலு டீ குடித்தால் சர்க்கரை மட்டுமே 160. உங்கள் 5 கிலோமீட்டர் நடை, சும்மா இருப்பதைவிடக் கூடுதலாக எரிப்பது சுமார் 200 கலோரி. பேக்கரியில் ஒரு வெஜ் பப்ஸும் ஒரு டீயும் அதைத் தின்றுவிட்டு மிச்சமும் வைக்கும். நடையை நிறுத்தச் சொல்லவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது மருந்து. ஆனால் நடந்ததற்குக் கூலியாகத் தின்பதற்கு அதில் இடமில்லை.

களியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் ராகி என்றாலே இளைக்கும் என்று நம்புகிறோம். 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி, அதே அளவு அரிசியில் சுமார் 350. பெரிய வித்தியாசமில்லை. ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பல மடங்கு அதிகம், அது உண்மையான லாபம். ஆனால் நொய் சேர்த்துக் கிண்டிய உருண்டை இரண்டு என்றால், சோற்றை விட்ட பலன் போய்விடும்.

இனி செய்ய வேண்டியவை. ஒரு வாரத்துக்கு, வாயில் போட்ட ஒவ்வொன்றையும் போட்டவுடனே எழுதுங்கள். கேன்டீன் வடையையும் குழந்தை மிச்சம் வைத்ததையும் சேர்த்து. வீட்டு எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள், அது மறக்காது. நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளுக்கு 33 மில்லி, ஏறக்குறைய 270 கலோரி. அதை இரண்டரை லிட்டராக்கினால் நாளுக்கு 100 கலோரி சத்தமில்லாமல் குறையும்.

களி ஒரே உருண்டை, அதோடு கொள்ளுக் கடைசலும் கீரையும் நிறைய. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். புரதமும் நாரும்தான் ஏறிவிட்ட பசியை அடக்கும். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: உட்கார்ந்து எழுதல், தண்டால், எடை தூக்குதல். இளைக்கும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இது காக்கும்.

ஷிப்ட் தொழிலாளிக்குத் தூக்கமும் உணவுக் கணக்கில் சேரும். சிகாகோவில் 2010இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே மாதிரிக் குறைந்த உணவைச் சாப்பிட்டவர்கள் ஒரு முறை எட்டரை மணி நேரமும், இன்னொரு முறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்து பார்த்தார்கள். குறைந்த எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூக்கம் சுருங்கியபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே, மீதிக்குத் தசை போன்றவை போயின. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் ஜன்னலை மூடி, போனை அணைத்துவிட்டு ஏழு மணி நேரம் படுங்கள்.

எடையைத் தினமும் பார்த்து மனம் நோக வேண்டாம். உப்பும் ஷிப்ட் மாற்றமும் ஒரே நாளில் ஒரு கிலோ நீரை ஏற்றி இறக்கும். வார சராசரியைப் பாருங்கள், டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் எடையைக் கூட்டலாம். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, நின்ற எடை தோற்ற எடை அல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. நீங்களோ உடல் எடையில் ஒன்பது சதவீதத்தை இறக்கியிருக்கிறீர்கள். அடுத்த மூன்று மாதம் 78ஐ ஏறவிடாமல் பிடிப்பதையே வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் டீச் சர்க்கரையும் குறைந்தால் அதுவே மெல்ல இறங்கும். இறங்காவிட்டாலும் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைச் சீட்டில் லாபம் தெரியும்.