தீம் பார்க் டிக்கெட்: எந்த நாட்டில், எப்படி வாங்கினால் மலிவு?

ஒரே தீம் பார்க்கின் ஒரே நாள் டிக்கெட், எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. வாங்குபவர் எந்த நாட்டில் வசிக்கிறார், எந்தத் தேதிக்கு வாங்குகிறார், யாரிடம் வாங்குகிறார், எந்த நாணயத்தில் பணம் கட்டுகிறார் என்பவை ஒவ்வொன்றும் விலையை மாற்றுகின்றன. கனடாவில் வசிப்பவர்கள் அமெரிக்கப் பூங்காக்களுக்கு டிக்கெட் வாங்கும்போது இந்தக் கணக்கை நெடுங்காலமாகப் போட்டுவருகிறார்கள். மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஓரளவு புதிது. 1989இல் கோராயில் எஸ்ஸல்வேர்ல்ட் தொடங்கிய காலத்தில் ஒப்பிடுவதற்கு அருகில் வேறு பெரிய பூங்கா கிடையாது. 2013இல் மும்பை–புனே விரைவுச் சாலையில் கோபோலிக்கு அருகே இமேஜிகா வந்தது. இன்று மே மாத விடுமுறைக்குப் பல குடும்பங்கள் இமேஜிகாவையும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸையும் ஹாங்காங் டிஸ்னிலேண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்க்கின்றன. டொரன்டோவிலிருந்து வரும் உறவினர்களும் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது, அறிவிக்கப்பட்ட விலையில் வரி அடங்கியிருக்கிறதா என்பது. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் அது சேர்ந்தே இருக்கும். துபாயில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம். ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை. அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே விளம்பரத்தில் காட்டுவது வரிக்கு முந்தைய விலை. மாநிலமும் மாவட்டமும் போடும் விற்பனை வரி பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் ஏறும். இந்தியாவில் தீம் பார்க் நுழைவுக்கு 2017இல் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இங்கே சில பூங்காக்கள் வரி சேர்த்தும் சில சேர்க்காமலும் விலை காட்டுகின்றன. எனவே பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கம் வரை போய், அங்கே தெரியும் மொத்தத் தொகையைக் குறித்துக்கொள்வதே சரியான ஒப்பீட்டுக்குத் தொடக்கம்.

அடுத்தது குழந்தைகளின் வயது. மொத்தச் செலவை இது எவ்வளவு மாற்றுகிறது என்பதைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 3 முதல் 9 வயது வரைதான் குழந்தை. 10 வயது நிறைந்துவிட்டால் பெரியவர் கட்டணம். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 3 முதல் 11 வரை. சிங்கப்பூர் யுனிவர்சலில் 4 முதல் 12 வரை. டோக்கியோ டிஸ்னியில் 4 முதல் 11 வரை குழந்தைகள். 12 முதல் 17 வரை இளையோர் என்று தனி விலை. இந்தியாவில் இமேஜிகா, வொண்டர்லா போன்ற பூங்காக்கள் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கின்றன. வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 சென்டிமீட்டர் வரை குழந்தைக் கட்டணம். பத்தும் பன்னிரண்டும் வயதான இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில், சிங்கப்பூரில் இருவருமே குழந்தைகள். ஹாங்காங்கில் ஒருவர் மட்டும். ஃபுளோரிடா டிஸ்னியில் இருவரும் பெரியவர்கள். பன்னிரண்டு வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட பிள்ளை இமேஜிகா வாசலில் பெரியவர் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு ஆளின் விலையை மட்டும் எடுத்து நாடுகளை ஒப்பிடுவது பயன்படாது. குடும்பத்தில் போகும் அத்தனை பேருக்கும், அதே தேதிக்கு மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

வசிக்கும் நாட்டை வைத்து விலையை மாற்றுவது பூங்காக்களின் பழைய வழக்கம். இதில் அதிகம் பேசப்பட்டது டிஸ்னிலேண்ட் பாரிஸ். 2015இல் அதன் விலைகள் குறித்து ஐரோப்பிய ஆணையத்திடம் புகார்கள் போயின. பிரான்ஸ் நாட்டவருக்கு 1,346 யூரோவுக்குக் கிடைத்த ஒரு தொகுப்பு, பிரிட்டனிலிருந்து வாங்கினால் 1,870 யூரோ, ஜெர்மனியிலிருந்து வாங்கினால் 2,447 யூரோ என்று அப்போது செய்தி வெளியானது. வாடிக்கையாளரின் நாட்டைக் காரணம் காட்டி மலிவான விலையை மறைப்பதைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அது ஒன்றியத்துக்குள் வசிப்பவர்களைக் காக்கும் விதி. மும்பையிலிருந்து வாங்குபவருக்குப் பொருந்தாது. எனவே எங்கே போனாலும் பூங்காவின் இணையதளத்தில் எந்த நாட்டுப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கனடியர்களின் நிலை இதற்கு நேர்மாறு. 2016இன் தொடக்கத்தில் கனடிய டாலர் 70 அமெரிக்க சென்ட்டுக்குக் கீழே இறங்கியபோது, அமெரிக்கப் பயணம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாமல் போனது. வரத்து குறையாமல் இருக்க, கனடாவில் வசிப்போருக்கு மட்டும் தள்ளுபடி விலையில் டிக்கெட் தரும் வழியை அமெரிக்கப் பூங்காக்கள் கையாள்கின்றன. டொரன்டோ சித்தப்பா குடும்பமும் செம்பூர்க் குடும்பமும் ஃபுளோரிடாவில் சந்திக்கத் திட்டமிட்டால், எல்லோருக்கும் சேர்த்து அவரையே எடுக்கச் சொல்லலாமே என்ற எண்ணம் இயல்பாக வரும். அது ஆபத்து. இந்தத் தள்ளுபடி டிக்கெட்டுக்கு ஒவ்வொருவரும் கனடா முகவரிச் சான்று காட்ட வேண்டியிருக்கும். ஒருவர் பெயரிலுள்ள டிக்கெட் இன்னொருவருக்கு மாறாது. கனடாவில் இருப்பவர்கள் தங்களுக்கு மட்டும் அந்த விலையில் எடுக்க, மும்பைக்காரர்கள் தனியாக எடுப்பதே சரி.

அதே சித்தப்பா மும்பைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. எலிபெண்டா குகைக்குத் தொல்லியல் துறை வாங்கும் நுழைவுக் கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், பிற வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். 2018இல் உயர்த்தப்பட்ட கட்டணம் இது. சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு இந்தியர் கட்டணமே. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டுடன் வருபவருக்கும் 40 ரூபாய்தான். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கனடியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான வெளிநாட்டுக் குடியுரிமை) அட்டை உள்ளவர்களுக்குத் தேசியப் பூங்காக்கள், நினைவுச் சின்னங்கள், அருங்காட்சியகங்களில் இந்தியருக்கு இணையான கட்டணம் என்று மத்திய அரசின் 2021 மார்ச் 4 அறிவிக்கை சொல்கிறது. ஓ.சி.ஐ. அட்டையின் அசலைப் பெட்டியிலேயே விட்டுவராமல் கையோடு எடுத்துவந்தால், கட்டணம் கட்ட வேண்டிய நான்கு பேருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். தனியார் பூங்காக்களில் இந்தக் கடவுச்சீட்டுப் பாகுபாடு பொதுவாகக் கிடையாது.

பணம் கட்டும் முறையில்தான் மும்பைக் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. இந்திய வங்கிகளின் சாதாரணக் கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் வரை மார்க்அப் கட்டணம் போடுகின்றன. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அன்றைய மாற்று விகிதப்படி 10,000 ரூபாய் மதிப்புள்ள டிக்கெட்டுக்கு மார்க்அப் 350 ரூபாய், அதன் ஜி.எஸ்.டி. 63 ரூபாய், கணக்கில் கழிவது 10,413. மார்க்அப் இல்லாத அல்லது 2 சதவீதத்துக்குள் உள்ள கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. ஒரு பயணத்துக்காகப் புதுக் கார்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் கார்டுகளில் எதற்கு மார்க்அப் குறைவு என்று கட்டண அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி அணைத்துவைக்கப்பட்டிருக்கும் என்பது 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் செயலியில் அதை முன்னதாகவே திறந்துவைக்காவிட்டால், விலை குறைந்த தேதி கையில் இருக்கும்போது கார்டு நிராகரிக்கப்படும்.

சில வெளிநாட்டு இணையதளங்கள் 'இந்திய ரூபாயிலேயே செலுத்துங்கள்' என்று ஒரு வழி காட்டும். தெரிந்த நாணயம் என்பதால் கை தானாக அதை அழுத்திவிடுகிறது. இதில் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது விற்பவர் பக்கம். அது சந்தை விகிதத்தைவிட 3 முதல் 7 சதவீதம் வரை மோசமாக இருக்கக்கூடும். போதாதென்று, வெளிநாட்டு விற்பனையாளருக்கு ரூபாயில் கட்டினாலும் பல இந்திய வங்கிகள் தனியாக 1 சதவீத அளவில் கட்டணம் போடுகின்றன. அதே 10,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 5 சதவீத விகித இழப்பும் இந்தக் கட்டணமும் சேர்ந்தால் 10,600 ரூபாயைத் தாண்டும். சிங்கப்பூர் டிக்கெட்டைச் சிங்கப்பூர் டாலரிலும் ஹாங்காங் டிக்கெட்டை ஹாங்காங் டாலரிலும் கட்டுவது என்பதை மாறாத விதியாக வைத்துக்கொள்ளலாம்.

இந்திய ஏஜென்ட்டுகளும் டிக்கெட் செயலிகளும் ரூபாயில் விற்பது இதிலிருந்து வேறுபட்டது. விற்பவரும் இந்தியாவில் இருப்பதால் மார்க்அப் கிடையாது. மேலே சொன்ன கணக்கின்படி, பூங்காவின் சொந்த விலையைச் சந்தை விகிதத்தில் ரூபாயாக்கி, அதற்கு மேல் 4 சதவீதம் வரை ஏஜென்ட் கூடுதலாகச் சொன்னாலும் சாதாரணக் கார்டு வைத்திருப்பவருக்கு நட்டமில்லை. மொத்தமாக எடுத்து விற்கும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட்டுகள் பூங்காவின் விலைக்குக் கீழேயும் தருவதுண்டு. அங்கீகாரம் இருக்கிறதா, டிக்கெட்டில் தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேட்ட பிறகே கட்ட வேண்டும்.

டிக்கெட், விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்ந்த வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால், விற்பவர் வசூலிக்கும் டி.சி.எஸ். என்ற வரி வரும். 2023 அக்டோபர் முதல் 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்றிருந்தது; 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது; 2026 பட்ஜெட்டில் தொகை வரம்பின்றி 2 சதவீதமாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. இது செலவல்ல, முன்கூட்டியே பிடிக்கப்படும் வருமான வரி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர் ஈடுகட்டிக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். தாராவியில் சிறு பட்டறை நடத்திக்கொண்டு கணக்கே தாக்கல் செய்யாத குடும்பத்துக்கு, தாக்கல் செய்யும் வரை அந்தப் பணம் வராது. தொகுப்பின் விலையை ஒப்பிடும்போது டி.சி.எஸ்.ஸைத் தனி வரியில் எழுதச் சொல்லிக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தையும் மறக்கக் கூடாது. ஹாங்காங் டாலரும் துபாய் திர்ஹாமும் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டவை. ரூபாய் டாலருக்கு எதிராகச் சரிந்தால் மூன்று நாட்டு டிக்கெட்டும் ஒன்றாகவே ஏறும். 2022 தொடக்கத்தில் 75 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. ஹாங்காங்கில் விலை அப்படியே இருந்திருந்தாலும் மும்பைக்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். ஜப்பானில் நடந்தது வேறு. யென் சரிந்ததால், 2021இல் சுமார் 6,700 ரூபாயாக இருந்த 10,000 யென், 2024 ஜூலையில் சுமார் 5,200 ரூபாய்க்கு வந்தது. டோக்கியோ டிஸ்னி 2021 முதல் நாளுக்கேற்ப விலை வைத்து, 2023இல் உச்ச விலையை 10,900 யென் வரை உயர்த்திய பிறகும் ரூபாய்க் கணக்கில் அது பெரிதாக உறைக்கவில்லை.

விசா கைக்கு வரும் முன் தேதியிட்ட டிக்கெட் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலான பூங்காக்கள் பணத்தைத் திருப்புவதில்லை. ஜூன் மாதம் சிங்கப்பூரிலும் பள்ளி விடுமுறை என்பதால், மும்பைப் பள்ளிகள் திறக்கும் முன் மே மாதத்து வார நாட்களில் போய்வருவது கூட்டத்துக்கும் விலைக்கும் நல்லது. வாங்குவதற்கு முன் ஒரு தாளில் குடும்பத்தின் மொத்த டிக்கெட் விலை, வரி, கார்டு கட்டணம், பூங்கா வரை போய்வரும் செலவு நான்கையும் ரூபாயில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் கோபோலி போகிறவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.