பழைய 'பைசிக்கிள்' சீட்டுக்கட்டு: காலம் அறிதலும் மதிப்பிடுதலும்

அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றைப் போலவே பழைய சீட்டுக்கட்டுகளைச் சேகரிப்போரும் உலகெங்கும் உள்ளனர். அவற்றுள் விளையாட்டுகளின் பெயரும் படமும் தாங்கிய கட்டுகளுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. சீட்டு சேகரிப்போரும் அவ்விளையாட்டின் ஆர்வலரும் அவற்றை நாடுவதே அதற்குக் காரணம். ஆனால், பழமை என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் செலுத்துவோர் ஏமாற்றமடைய இடமுண்டு. முதலில் காலத்தை உறுதிசெய்தல், பின்னர் விலையைப் பேசுதல் என்னும் முறையை, அமெரிக்காவின் புகழ்பெற்ற 'பைசிக்கிள்' கட்டைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

பெயர் பிறந்த கதை

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இயங்கிய ரஸ்ஸல் அண்ட் மார்கன் அச்சகம் 1881இல் சீட்டுத் தயாரிப்பில் இறங்கியது. மிதிவண்டி ஓட்டுதல் புதிய விளையாட்டாகப் பரவிவந்த அக்காலத்தில், 1885இல் 'பைசிக்கிள்' என்ற பெயரில் தன் கட்டுகளை வெளியிட்டது. இந்நிறுவனம் 1891இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிரிண்டிங் கம்பெனி எனப் பெயர் மாறியது. 1894இல் சீட்டுப் பிரிவு தனியாகப் பிரிந்து யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி ஆயிற்று. இப்பெயர் மாற்றங்கள் காலத்தை அறிய நமக்குக் கிடைக்கும் முதல் தடயங்கள்.

பின்புறப் படம் மட்டும் போதாது

மிதிவண்டியில் அமர்ந்த சிறகுள்ள குழந்தை உருவம் கொண்ட 'ரைடர் பேக்' வடிவம் 1887இல் வெளிவந்தது. அது இன்றும் அச்சாகிறது. ஆகவே, அப்படத்தைக் காட்டி "1887ஆம் ஆண்டுக் கட்டு" என்று ஒருவர் கூறினால், அது வடிவம் பிறந்த ஆண்டே தவிர, அந்தக் கட்டு அச்சான ஆண்டு அன்று.

நின்றுபோன வடிவங்கள் ஓரளவு உதவுகின்றன. காற்றடைத்த டயரின் பெயரால் 'நியூமேட்டிக்' என வழங்கும் பின்புற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். டன்லப் தம் டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். எனவே, அப்பெயர் தாங்கிய வடிவம் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

நான்கு தடயங்கள்

முதலாவது, இஸ்பேட் ஏஸில் உள்ள நிறுவனப் பெயர். மேலே கண்ட ஆண்டுகளுடன் அதை ஒப்பிடலாம்.

இரண்டாவது, அதே சீட்டில் உள்ள குறியீடு. 1904 முதல் இந்நிறுவனம் ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த குறியீட்டை அச்சிட்டது. எழுத்து ஆண்டைச் சுட்டும். ஆனால், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்ப வரும். ஆகவே, குறியீடு தனித்து விடை தாராது. பிற தடயங்களுடன் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவது, பெட்டியின் வாயை மூடி ஒட்டப்பட்ட வருவாய் வில்லை. அமெரிக்க அரசு 1894இல் கட்டு ஒன்றுக்கு 2 சென்ட் வரி விதித்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அது உயர்ந்தது. 1924இல் 10 சென்ட் ஆயிற்று. 1965இல் வரியே நீக்கப்பட்டது. பல வில்லைகளில் தயாரிப்பாளரின் பெயர்ச் சுருக்கமும் தேதியும் அச்சாகியிருக்கும்.

நான்காவது, பெட்டி. அமெரிக்காவின் 'ஜிப்' அஞ்சல் குறியீடு 1963இல் வந்தது. கடைப் பொருள்களின் பட்டைக்குறியீடு 1974இல் வழக்கிற்கு வந்தது. இவை காணப்படும் பெட்டி அந்தந்த ஆண்டுகளுக்கு முற்பட்டதன்று.

ஒரு பயிற்சி

'ரைடர் பேக்' கட்டு ஒன்று "1887" என விற்பனைக்கு வருவதாகக் கொள்வோம். ஏஸில் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி என்றுள்ளது. எனவே 1894க்குப் பிந்தியது. குறியீடு உள்ளது; எனவே 1904 அல்லது அதற்குப் பிந்தியது. பாதி கிழிந்த வில்லையில் '10 சென்ட்' எனத் தெரிகிறது. எனவே பெட்டி 1924க்கும் 1965க்கும் இடைப்பட்டது. சீட்டுகள் அப்பெட்டிக்கே உரியவையாயின், குறியீட்டு எழுத்துக்குரிய ஆண்டுகளுள் இந்த இடைவெளியில் அடங்குவதே விடை. விற்பவர் கூறியதற்கும் உண்மைக்கும் இடையே குறைந்தது 37 ஆண்டுகள் வேறுபாடு!

ஏஸும் பெட்டியும் முரண்பட்டால், வெவ்வேறு கட்டுகளின் பகுதிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என ஐயுற வேண்டும்.

மதிப்பை நிர்ணயிப்பவை

காலம் தெரிந்த பின் முழுமையைப் பார்க்க வேண்டும். 52 சீட்டுகளும் ஜோக்கரும் உள்ளனவா என்று ஒவ்வொன்றாக எண்ணுவது நன்று. ஒரு சீட்டுக் குறைந்தாலும் மதிப்பு பெரிதும் இறங்கும். பெட்டியும் வில்லையும் உடனிருப்பின் மதிப்பு கூடும். மூலை மழுங்கல், மடிப்பு, கறை, ஈரத்தால் வந்த வளைவு ஆகியவை மதிப்பைக் குறைக்கும். அடுத்தது அருமை: நீண்ட காலம் ஏராளமாக அச்சான வடிவத்தைவிடச் சில ஆண்டுகளே வந்து நின்றுபோன வடிவத்தையே சேகரிப்போர் பெரிதும் தேடுவர். எனவே, வயதில் இளைய கட்டு மூத்த கட்டைவிட அதிக விலை பெறுவதும் உண்டு.

முத்திரை பிரியாத கட்டைக் குறியீடு பார்ப்பதற்காகத் திறந்துவிடலாகாது. திறந்த கணமே அதன் சிறப்பு மதிப்பு போய்விடும். அங்கு வில்லையையும் பெட்டியையும் கொண்டே காலம் காண வேண்டும்.

பணம் செலுத்துமுன்

விற்பவர் கேட்கும் விலை வேறு, ஏலத்தில் உண்மையில் கைமாறிய விலை வேறு. அதே வடிவமும் அதே நிலையும் கொண்ட கட்டுகள் அண்மையில் விற்ற விலைகளை ஒப்பிடுக. ஏஸ், ஜோக்கர், வில்லை, பெட்டியின் நான்கு புறங்கள் ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேட்டுப் பெறுக. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அஞ்சல் செலவு, சுங்க வரி, நாணய மாற்றுக் கட்டணம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் வீட்டிலுள்ள நூறாண்டு கடந்த கட்டை வெளிநாட்டிற்கு விற்க எண்ணுவோர், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதற்குப் பொருந்துமா என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னதாகக் கேட்டறிதல் வேண்டும்.

சீட்டுக்கட்டு வட்டி ஈட்டுவதில்லை; தேவைப்படும் நாளில் வாங்குபவர் கிடைப்பார் என்ற உறுதியும் இல்லை. ஆதலின், அவசரச் செலவுக்கான சேமிப்பையோ கடன் பணத்தையோ இதில் இடாமல், விருப்பத்திற்கென ஒதுக்கிய தொகைக்குள் வாங்குவதே முறை. விலைச்சீட்டையும் காலம் கணித்த குறிப்பையும் கட்டுடன் சேர்த்து வைத்தால், நாளை அதைப் பெறும் பிள்ளைகளுக்கு அதன் மதிப்பை ஐயமின்றி எடுத்துக்காட்ட இயலும்.